மூன்று முறையும் இறங்காதவன்

1

போன வாரம் திங்கட்கிழமை காலை, நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரில், பல் துலக்கிக்கொண்டே கைப்பேசியைத் திறந்தேன். உலகம் முழுவதும் பார்க்கும்படி என் பெயரைப் போட்டிருந்தார்கள். "ஜமால். இரண்டு நாள் பாடு. இறங்கவில்லை." அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பதினோரு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். நான் எழுதிய எதற்கும் இதுவரை பதினோரு பேர் அப்படிச் செய்ததில்லை.

இதழின் பெயர் 'முகத்துவாரம்'. இணையத்தில் மட்டும் வரும் இதழ். நடத்துகிறவள் தேன்மொழி, என் சிநேகிதன் செல்வத்தின் மகள். பொன்னேரியில் வேலை பார்க்கிறாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் மாமாவாவது மண்ணாவது. உடனே அவளை அழைத்து, அரை நாள் தாமதம்தானே, இப்போது அனுப்பினால் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"மாமா, பாடுன்னா பாடுதான். உங்களுக்காக ஏரி நிக்குமா?" என்றாள்.

பொன்னேரிக்குத் தெற்கே இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம். அங்கே வலை போட ஆசைப்படும் வீடுகள் நிறைய. ஆகவே குப்பத்தில் சீட்டு குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. உன் நாளில் இறங்கினால் இறங்கினாய். காற்றடித்தாலும் சரி, தலைவலித்தாலும் சரி, மச்சினிக்குக் கல்யாணம் என்றாலும் சரி, போன நாள் போனதுதான். அடுத்த சுற்று வரும்வரை கரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரன் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தேன்மொழியின் இதழும் இதே முறையில்தான் நடக்கிறது. பட்டியலில் பதினெட்டுப் பேர். சீட்டு குலுக்கி வாரத்துக்கு ஒருவர், ஒருவருக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வெள்ளைப் பக்கம். மூன்று முறை வெள்ளை விட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். எனக்கு இது மூன்றாவது முறை, ஆகவே என் பெயர் போய்விட்டது.

அது போனால் போகட்டும். என் கவலை வேறு. அடுத்த பாடு செல்வத்தினுடையது. அவனும் இரண்டு முறை இறங்கவில்லை. மூன்றாவது முறையும் இறங்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவன் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வரி எழுதவில்லை. அவன் எழுதாமல் போனதற்குக் காரணம் நான்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. அதன் பெயரும் 'முகத்துவாரம்'. தேன்மொழி பெயரை அங்கிருந்துதான் எடுத்தாள். மொத்தம் ஒரே ஒரு பிரதி. நீளவாக்கில் தைத்த கணக்குப் புத்தகம் ஒன்று, அத்தாவின், அதாவது என் அப்பாவின், துணிக்கடையிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கும் மைதானம்தான் எங்கள் அலுவலகம். ஒரு தளபதியின் கல்லறைமேல் நான் உட்காருவேன். ஆசிரியர் என்பதால் எனக்குப் பெரிய கல்லறை.

எழுதுகிறவர்கள் ஐந்து பேர். புத்தகம் ஒன்று. முதல் இதழிலேயே அடிதடி. கவிதை எழுதுகிற ஒருவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் ஒன்றரை மாதம் திருப்பித் தரவில்லை. கேட்டால் கற்பனை ஊறிக்கொண்டிருக்கிறது என்றார். அப்போது வழி சொன்னவன் செல்வம். அவன் ஏரிக்கரைக் குப்பத்துக்காரன், பகலில் வலை, மீதி நேரத்தில் தொடர்கதை.

"சண்ட இன்னாத்துக்கு? பாடு போட்டுக்குவோம்," என்றான்.

அப்படியே போட்டோம். சீட்டு குலுக்கி ஆளுக்கு இரண்டு நாள் புத்தகம். இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும், கதாநாயகி மயங்கி விழுந்துகொண்டிருந்தாலும், புத்தகம் அடுத்தவன் கைக்குப் போய்விட வேண்டும். எழுதாதவனுக்குக் கொடுத்த பக்கத்தை வேறு யாரும் தொடக் கூடாது. மேலே அவன் பெயரையும் 'இறங்கவில்லை' என்பதையும் எழுதி வெள்ளையாகவே விட்டுவிடுவோம். காட்டூரில் எங்களுக்கு ஒரு வாசகர் இருந்தார். கவிஞரின் வெள்ளைப் பக்கத்தைப் படித்துவிட்டு, இந்த இதழிலேயே புரிந்தது இது ஒன்றுதான் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பத்திரிகை நடந்த அந்த இரண்டு வருஷத்தில் நான் எழுதிய அளவுக்கு, பிறகு நாற்பது வருஷத்தில் எழுதவில்லை. இன்றைக்கு மின்னிதழ்க்காரர்கள் அன்பானவர்கள். எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு மின்னிதழுக்கு நான் ஒப்புக்கொண்ட சிறுகதை எட்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. முதல் பத்தியில் மழை பெய்கிறது. இன்னும் விடவில்லை. தாள் தட்டுப்பாடு இருந்தபோது எனக்குச் சொற்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. தாளே தேவையில்லை என்று ஆனபிறகு உட்காருவதற்கு நாற்காலியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

3

ஆனால் எனக்கு நேரம் இல்லாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இந்த நாட்டு மக்கள் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் காப்பிக்குக் கூப்பிட்டால், மூன்று வாரம் கழித்து வரும் வியாழக்கிழமைக்குக் கூப்பிடுவார். ஒன்றரை மணி நேரம் என்றும் சொல்லிவிடுவார். ஒருவர் பிறந்தநாள் என்றால் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது. அவருடைய மனைவியை, மாமியாரை, அண்ணனைத் தனித்தனியாகக் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். அவர் பிறந்ததில் அவர்களுக்கு என்ன பங்கு என்று நான் இன்றுவரை யாரையும் கேட்டதில்லை.

வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் ஏழரை மணிக்கு வரச் சொன்னார்கள். இவர்கள் மொழியில் ஏழரையை 'அரை எட்டு' என்பார்கள். நான் எட்டும் அரையும் சேர்ந்து எட்டரை என்று கணக்குப் போட்டுப் போனேன். ஒரு மணி நேரத் தாமதத்தை மன்னித்த அந்த அம்மாள், பிறந்த ஊரை மன்னிக்கவில்லை. அப்படி ஓர் ஊர் அவருடைய பட்டியலில் இல்லையாம். உங்கள் முன்னோர் கட்டின கோட்டை எங்கள் ஊரில்தான் இடிந்து கிடக்கிறது, அவர்கள் கல்லறைமேல் உட்கார்ந்துதான் நான் பத்திரிகை நடத்தினேன் என்று விளக்கினேன்.

அவர் பேனாவை எடுத்தார். "கல்லறைமேல் உட்கார அனுமதி வாங்கியிருந்தீர்களா?" என்று கேட்டார்.

என் மூன்றாவது பாடு ஒரு சனி, ஞாயிறில் விழுந்தது. சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் பிறந்தநாள். கைகுலுக்கி முடிக்கவே பொழுது போய்விட்டது. ஞாயிறு காலை எழுத உட்கார்ந்தேன். மகள் வந்துவிட்டாள். அவள் இங்கே பிறந்தவள், தமிழ் பேச வரும், படிக்க வராது. என் கைப்பேசியில் இருந்த தேன்மொழியின் அறிவிப்பை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ பாடப் போறியா? உன் முறை வந்திருக்குன்னு போட்டிருக்கே," என்றாள். பாட்டு இல்லை, பாடு என்று விளக்க ஆரம்பித்தேன். கூட வந்த பேத்தி நான் நிஜமாகவே பாட வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாடினேன். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

என் மனைவி சபீரா இரண்டு நாளும் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். "எழுதறவங்க எழுதிட்டுப் போய்ட்டே இருப்பாங்க. எழுத நேரமில்லன்னு இவ்ளோ நேரம் பேசறவர இப்பதான் பாக்கறேன்," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நேரம் இல்லை என்பது பொய். இரண்டு நாளில் முடித்தே ஆக வேண்டும் என்ற பயம் எனக்குக் கரைந்துபோய்விட்டது, அவ்வளவுதான். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் அது திரும்பி வந்தது. எனக்காக வரவில்லை. செல்வத்துக்காக வந்தது.

4

செல்வம் எழுதிய தொடர்கதையில் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்கிறது. ஊரே மண்வெட்டியோடு போய் வெட்டித் திறக்கிறது. திறந்த நேரத்தில் கதாநாயகன் பள்ளத்துக்குள் நிற்கிறான். கடல் உள்ளே பாய்கிறது. அங்கே அவனுடைய இரண்டு நாள் முடிந்து, புத்தகம் கைமாறிவிட்டது. அடுத்த சுற்று வரும்வரை கதாநாயகன் பள்ளத்திலேயே நின்றான். வாசகர்கள், அதாவது மொத்தம் முப்பது பேர், வழியில் பார்த்தால் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த சுற்றுக்குச் சீட்டு குலுக்கினோம். செல்வத்துக்குப் புத்தகம் வந்த அதே நாளில் ஏரியிலும் அவன் வீட்டுக்குப் பாடு. ஏரியில் இறங்கினால் கதை போச்சு. கதை எழுதினால் இறால் போச்சு. அவன் ஏரிக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டான். நான்தான் விடவில்லை.

"நீ எழுது. உன் பாட்டுல நான் எறங்கறேன்," என்றேன்.

"ஒனக்கு இன்னா தெரியும்?"

"உன் கதைல எட்டு அத்தியாயம் படிச்சிருக்கேனே."

அதைக் கேட்டு அவன் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அவனுக்கு அவ்வளவு ஆசை, கதாநாயகனைப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட. அவனுடைய அண்ணன் முனுசாமியோடு என்னைத் தோணியில் ஏற்றிவிட்டு, புத்தகத்தோடு வீட்டுக்குள் போனான்.

விடிந்ததும் இறங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் கம்புகளை ஊன்றி, அவற்றில் வலையை வளைத்துக் கட்ட வேண்டும். முனுசாமி அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் முழுக்கால் சட்டை போட்டிருந்தேன், கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். வேலை நன்றாகவே நடந்தது. நடுவில் சிறிய தடங்கல் ஒன்று ஏற்பட்டு வலையின் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அந்த வழியாக இறால் போய்விட்டது. பெரும்பாலும் எல்லா இறாலும். பக்கத்து இடத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். கடிகாரம் கட்டிக்கொண்டு எவனோ நம்ம பாட்டில் நிற்கிறான் என்று அவர்கள்தான் கரையில் போய்ச் சொன்னது.

5

மறுநாளே குப்பத்தில் பஞ்சாயத்து கூடியது. பாடு உள்ள ஒருவனால் போக முடியாவிட்டால் அவனுக்குப் பதிலாகச் சொந்தக்காரர் போகலாம். அண்ணன், தம்பி, மகன், மாமன், மச்சான். வெளியாள் கால் வைக்கக் கூடாது. அதுதான் சட்டம். ஏரியை நாலு பேர் பங்குபோட்டு வாழ்வதென்றால் அந்தச் சட்டம் வேண்டும் என்பது இன்று எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை.

ஊர்த் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீ செல்வத்துக்கு இன்னா வேணும்?"

"அவர் எழுதுகிற பத்திரிகையின் ஆசிரியர்," என்றேன். பயத்தில் எனக்கு மேடைத் தமிழ் வந்துவிட்டது.

"அது இன்னா மொற? மாமன் மொறயா, மச்சான் மொறயா?"

கூட்டம் சிரித்தது. முனுசாமி அண்ணன் செல்வத்தின் காதருகே குனிந்து, "மச்சான்னு சொல்லித் தொலடா, வுட்ருவாங்க," என்றார். செல்வம் எழுந்து நின்றான். "சிநேகிதன்," என்றான். "இல்லாத மொறய நான் எப்பிடி சொல்றது?"

பாட்டில் இறங்காமல் நீ என்னடா செய்தாய் என்று கேட்டார்கள். எழுதினேன் என்றான். எதை என்றார்கள். புத்தகத்தை வாங்கிப் படிக்கச் சொன்னார்கள். என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அதற்குப் பிறகு நான் எதையும் படித்ததில்லை. மூன்றாவது பக்கத்திலேயே ஒருவர் எழுந்தார்.

"கார்த்திகைல எவன்டா மொகத்துவாரம் வெட்டுவான்? மழத்தண்ணி வந்தா அதுவே ஒடச்சிக்கும்."

"கதைக்காக மாத்தினது," என்றான் செல்வம்.

"கதைக்காகத் தண்ணி மேட்டுல ஏறுமா?"

இப்படியே நாலைந்து இடத்தில் நிறுத்தினார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் கதாநாயகன் பள்ளத்தின் ஓரத்தைப் பிடித்து ஏறப் பார்க்கிறான், மணல் சரிகிறது என்பதோடு எழுத்து நின்றுவிட்டது.

"அப்பறம்?" என்றார் தலைவர்.

"இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்துச்சி. அதுக்குள்ள இங்க கூப்புட்டீங்க."

தலைவர் தீர்ப்பு சொன்னார். செல்வத்தின் வீட்டுக்கு மூன்று சுற்று பாடு கிடையாது. கலைந்து போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் மிச்சத்த எழுதினா எனக்குச் சொல்லி அனுப்பு," என்றார். தண்டனை கொடுத்த மனுஷன் கதையும் கேட்கிறார். எனக்கு அழுகை வந்தது.

மூன்று சுற்று என்றால் அந்த இறால் காலம் முழுவதும். முனுசாமி அண்ணன் அடுத்தவர் தோணியில் கூலிக்கு ஏறினார். செல்வம் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "போதும்டா. எங்க அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓரிரு வருஷத்தில் நான் கப்பலில் வேலை கிடைத்துக் கிளம்பி, கடைசியில் இந்த ஊரில் வந்து கரை ஒதுங்கினேன். கதாநாயகன் பள்ளத்திலேயே இருக்கிறான்.

6

என் பெயர் பட்டியலிலிருந்து போன அன்றே செல்வத்தை அழைத்தேன். அடுத்த வாரம் உன் பாடு, என்ன எழுதப்போகிறாய் என்றேன்.

"எழுதறதா? அந்தப் பொண்ணு சொம்மா என் பேரப் போட்டுட்டா. எடுத்தா எடுத்துக்கட்டும்."

"உன் மகள் நடத்தற இதழ்ல உன் பேர் இல்லாம இருக்கலாமா?"

"இருந்து இன்னா பண்ணுது? நீ எழுதித்தான் கிழிச்ச."

போனை வைத்துவிட்டேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேன்மொழியை அழைத்தேன். உங்க அப்பாவின் பாட்டில் நான் இறங்குகிறேன், மேலே அவர் பெயர், வெள்ளை விடாததால் அவர் பட்டியலில் இருப்பார், என் பெயர் போனது போனதுதான், அதைக் கேட்க மாட்டேன் என்றேன். அவளுக்குப் பஞ்சாயத்துக் கதை தெரியும். குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியாள் இறங்கக் கூடாது என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சொந்தக்காரங்க எறங்கலாம் மாமா. சட்டத்துலயே இருக்குது," என்றாள்.

"நான் சொந்தமா?"

"இல்லன்னா இவ்ளோ நாளா நான் யார மாமான்னு கூப்புட்டுனு இருக்கேன்?"

கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. பேசாமலிருப்பது எனக்குப் பழக்கமில்லாததால் இணைப்பு அறுந்துவிட்டது என்று அவள் நினைத்து, ஹலோ ஹலோ என்றாள்.

இரண்டு நாளில் எழுதி முடித்துவிட்டேன். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர் காப்பிக்கு வரச் சொல்லியிருந்தார், மூன்று வாரத்துக்கு முன்பே குறித்த நேரம். வர முடியாது என்றேன். இந்தத் தெருவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். சபீரா மூன்று வேளையும் சாப்பாட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே வாசகர்களே, இந்தக் குறிப்புகளின் மேலே இதழில் போட்டிருக்கும் பெயர் என்னுடையதல்ல. அது செல்வத்தினுடையது. இந்தச் சுற்றில் அவன் இறங்கிவிட்டான் என்று எழுதிக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன்னால் அவனை அழைத்து, இதுவரை உள்ள முழுவதையும் படித்துக் காட்டினேன். பஞ்சாயத்தில் குறுக்கிட்டவர்களைப் போல அவன் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

"உன் பேரு போச்சேடா," என்றான்.

"போனா போவுது. எனக்கு எந்தக் காலத்துல பாடு இருந்துச்சி?"

அவன் மூக்கை உறிஞ்சினான். சரி, அனுப்பிவிடட்டுமா என்றேன்.

"இரு. அது இன்னா, சிறிய தடங்கலு?"

"எது?"

"வலைல சிறிய தடங்கல்னு போட்டுக்கீறியே. நீ சேத்துல கால் மாட்டித் தலகுப்புற வுழுந்த. வலைய மேல இழுத்துப் போட்டுக்கினு, அல்லாவேன்னு கத்திக்கினு, எறாலுக்குப் பதிலா நீ உள்ள கெடந்த. எங்கண்ணன் முடியப் புடிச்சித் தூக்கிச்சாம். பக்கத்துப் பாட்டுல நாலு பேரு வலைய வுட்டுட்டுச் சிரிச்சாங்களாம்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"இன்னாத்துக்கா? என் பேரப் போட்டு இப்பிடிப் பொய் எழுதிக் குடுத்தா நான் சொம்மா இருப்பனா? அடுத்த சுத்து எப்ப வருதுன்னு தேனுகிட்ட கேட்டுக்கறேன். அத நான்தான் எழுதணும்."

எழுதட்டும்.